ஏழு ஆண்டுகளாக ஒரு சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர்: எங்கே வைத்து ஓட்டுவது என்பதே முதல் கேள்வி

கையால் தூக்கிச் செல்லக்கூடிய 2 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்றை ஏழு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். புயலால் மின்சாரம் தடைபடும் நாட்களுக்கென்றே வாங்கியது. ஒருமுறை நான்கு நாட்கள் தொடர்ந்து அதை நம்பியே குடும்பம் இருந்திருக்கிறது. அதன் உழைப்பில் எனக்குக் குறையில்லை. ஆனால் வாங்கும்போது நான் விசாரித்தவை வாட், சத்தம், பெட்ரோல் செலவு ஆகியவை மட்டுமே. அதை எங்கே வைத்து ஓட்டுவது என்று நானும் கேட்கவில்லை, விற்றவரும் சொல்லவில்லை.

இரண்டாம் ஆண்டில் ஒரு புயல் இரவு, மழையில் நனையக் கூடாதென்று அதை முன்வாசல் தாழ்வாரத்தில் வைத்து ஓட்டினேன். மூன்று பக்கமும் திறந்த இடம்தானே என்ற துணிச்சல். அரை மணி நேரம் கழித்து, படுக்கையறையிலிருந்த கார்பன் மோனாக்சைடு அலாரம் விட்டுவிட்டு அலறியது; அதன் சிறு திரையில் 128 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 128 பங்கு) என்று இருந்தது. அறையில் புகையும் இல்லை, நாற்றமும் இல்லை. என் தாயார் மட்டும் தலை கனக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்; அதை நான் தூக்கக் கலக்கம் என்றே நினைத்திருந்தேன். எல்லோரையும் வெளியே அழைத்து வந்த பிறகே இயந்திரத்தை நிறுத்தினேன். காற்று திசை மாறி, சைலன்சரிலிருந்து வந்த வாயு முழுவதையும் ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே தள்ளியிருந்தது. மருத்துவமனையில் அவருக்கு ஆக்சிஜன் வைத்தார்கள்; மறுநாள் நலமாகத் திரும்பினார்.

இயந்திரப் புகையிலுள்ள இந்தக் கார்பன் மோனாக்சைடு வாயு, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் ஒட்டிக்கொள்கிறது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், சோர்வு என்று சாதாரணக் காய்ச்சலைப் போலவே தொடங்குவதால் ஆபத்து பிடிபடுவதில்லை. உறங்குபவர் எழாமலே போய்விடலாம். கார் ஷெட், பால்கனி, படிக்கட்டின் அடிப்பகுதி எதுவும் பாதுகாப்பான இடமல்ல; கதவைத் திறந்து வைப்பதும் மின்விசிறியைச் சுழலவிடுவதும் போதாது. குறைந்தது 6 மீட்டர் தொலைவு, சைலன்சர் வீட்டுக்கு எதிர்ப்புறம், அந்தப் பக்கத்து ஜன்னல்கள் மூடியிருத்தல் ஆகிய மூன்றையும் அன்றிலிருந்து நான் தளர்த்தியதே இல்லை. நம் வீட்டை மட்டும் அளந்தால் போதாது, அடுத்த வீட்டு ஜன்னலையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

தொலைவில் வைத்தால் மழையில் நனையுமே என்ற கவலை நியாயமானது. தோட்டத்து மூலையில் சற்று உயரமான சிமெண்ட் மேடை போட்டு, நான்கு கால்களில் தகரக் கூரை நிறுத்தியிருக்கிறேன், பக்கங்களை அடைக்கவில்லை. கூரையையும் மீறிச் சாரல் அடிக்கும் நேரத்தில் ஓட்டுவதே இல்லை. காற்று தணியும்வரை டார்ச் விளக்கோடு காத்திருக்கிறோம். அங்கிருந்து வீட்டுக்கு, மூன்று கம்பிகளும் 2.5 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுப் பரப்புள்ள ரப்பர் உறைக் கேபிள் வருகிறது. முதலில் வாங்கிய மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர், சுருளாகக் கிடந்த இடத்தில் தொட முடியாத அளவுக்குச் சூடேறியதால் அதைத் தூக்கி எறிந்துவிட்டேன்.

இரு முனையிலும் பிளக் வைத்த வயரால் ஜெனரேட்டரைச் சுவர் சாக்கெட்டில் செருகினால் வீடு முழுவதும் விளக்கெரியும் என்று ஒருவர் யோசனை சொன்னார். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். அந்த மின்சாரம் மீட்டரைத் தாண்டித் தெருக் கம்பிக்குப் போகும். டிரான்ஸ்பார்மர் அதைத் தலைகீழாக ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்தும். மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனின் உயிர் அதில் போய்விடும். தெரு மின்சாரம், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டுமே வீட்டோடு இணைக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்சை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு பொருத்தியது, இந்த இயந்திரத்துக்காக நான் செய்த செலவுகளிலேயே மிகவும் பொருளுள்ள செலவு.

சுமையைப் பொறுத்தவரை, ஃபிரிட்ஜ் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும் என்பதால் அதை முதலில் போட்டு, சீராக ஓடத் தொடங்கிய பிறகே விளக்குகளையும் மின்விசிறிகளையும் சேர்க்கிறேன். பெட்ரோல் ஊற்றுவதற்கு முன் இயந்திரத்தை நிறுத்தி இருபது நிமிடமாவது ஆறவிடுகிறோம். சூடான சைலன்சரில் நான்கு சொட்டு சிந்தினாலே தீப்பிடிக்கும். இரவில் எல்லோரும் உறங்கும்போது அதை ஓட்டுவதில்லை.

பராமரிப்பில் ஒரே ஒரு தவறு செய்தேன். எட்டு மாதம் டேங்கில் பெட்ரோலை விட்டுவைத்ததால் கார்புரேட்டர் ஜெட்டில் (பெட்ரோல் செல்லும் நுண்துளையில்) பிசின் படிந்து, புயல் அறிவிப்பு வந்த அன்று எத்தனை முறை கயிற்றை இழுத்தும் கிளம்பவில்லை. இப்போது பயன்படுத்தி முடித்ததும் கார்புரேட்டரை வடித்துவிடுகிறேன். மாதம் ஒருமுறை புதிய பெட்ரோல் ஊற்றி, சுமையோடு கால் மணி நேரம் ஓட்டிப் பார்க்கிறேன். புதிதில் 20 மணி நேர ஓட்டத்திலும், பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறையும் ஆயிலை மாற்றியதால் இஞ்சினில் இதுவரை பழுது இல்லை.

அலாரத்தின் சென்சாருக்கும் ஆயுள் உண்டு. பின்பக்கம் காலாவதி ஆண்டு அச்சிட்டிருக்கும். அன்று எங்களை எழுப்பிய அலாரத்துக்கு இந்த ஆண்டு அது முடிந்தது. பேட்டரி நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் கழற்றிவிட்டுப் புதிதாக இரண்டு வாங்கி, ஒன்றைத் தாயாரின் அறையிலும் மற்றொன்றைக் கூடத்திலும் மாட்டியிருக்கிறேன்.