சிலி காப்பர்: பொடியா கப்பல் ஏத்துறதா, தகடாக்கி ஏத்துறதா?

சிலி நாட்டைப் பத்தி பேச்சு வந்தா ஒரு வாதம் தவறாம வரும். உலக காப்பர்ல கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு அங்கதான் தோண்டுறாங்க, வருஷத்துக்கு 50 லட்சம் டன்னுக்கு மேல, ஆனா அதுல பாதிக்கு மேல உருக்காம கருப்புப் பொடியா சீனாவுக்கும் ஜப்பானுக்கும் போயிடுது, அவன் உருக்கி லாபம் பாக்குறான், இவன் ஏமாந்து நிக்கிறான்னு. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நெனச்சுட்டு இருந்தேன். கணக்கை எடுத்துப் பாத்தப்புறம் பாதி சரி, பாதி தப்புன்னு புரிஞ்சுது, அதான் வரிசையா எழுதிடலாம்னு உக்காந்தேன்.

மொதல்ல அந்தப் பொடி என்னன்னு பாத்துடுவோம். எஸ்கோண்டிடான்னு ஒரு சுரங்கம், அட்டகாமா பாலைவனத்துல கடல் மட்டத்துக்கு 3,000 மீட்டருக்கு மேல இருக்கு, உலகத்துலயே அதிகமா காப்பர் எடுக்கிற சுரங்கம் அதுதான். பிஹெச்பி கம்பெனிக்கு 57.5 சதவீதப் பங்கு, ரியோ டின்டோவுக்கு 30, மிச்சம் ஜப்பான் கம்பெனிகளுக்கு. அங்க வெட்டுற பாறையில காப்பர் 1 சதவீதம் கூட தேறாது. அதை மாவா அரைச்சு, தண்ணியும் மருந்தும் கலந்து காத்து ஊதினா காப்பர் துகள் மட்டும் நுரையில ஒட்டிக்கிட்டு மேல வரும். அதை வழிச்செடுத்தா 25லேருந்து 30 சதவீதம் காப்பர் உள்ள பொடி கிடைக்கும், இதுதான் கான்சன்ட்ரேட். குழம்பா கரைச்சு பைப்லைன்ல மலையிலேருந்து கொலோசோ துறைமுகத்துக்கு இறக்கி, அங்க தண்ணிய வடிகட்டிட்டு கப்பல்ல கொட்டிடுறாங்க.

இதையே உருக்காலையில போட்டு கந்தகத்தையும் இரும்பையும் பிரிச்சு, அப்புறம் கரண்ட் குடுத்து சுத்தம் பண்ணா 99.99 சதவீதத் தகடு, கேத்தோடுன்னு சொல்றது. தகடுக்கு இன்னொரு வழியும் இருக்கு, அதைக் கடைசியில சொல்றேன், எனக்குப் பிடிச்சதே அதுதான்.

இப்ப காசுக்கு வருவோம். எல்லாரும் தப்பு பண்ற இடம் இதுதான். பொடியா வித்தா அடிமாட்டு விலைக்குப் போகும்னு நெனக்கிறோம்ல, அப்படி இல்ல. உள்ள எவ்வளவு காப்பர் இருக்கோ அதுல 96 சதவீதத்துக்கு ஒட்டி, லண்டன் மார்க்கெட் விலையிலயே வாங்குறவன் பணம் குடுத்துடுறான். கழிக்கிறது உருக்குற கூலியும் சுத்தம் பண்ற கூலியும் மட்டும்தான். காப்பர் டன் 9,000 டாலர்னு வெச்சுக்குங்க. ஒரு டன் பொடியில பணம் தர்ற காப்பர் 250 கிலோன்னா அதோட விலை 2,250 டாலர். 2024 ஆண்டு ஒப்பந்தத்துல உருக்குக் கூலி டன்னுக்கு 80 டாலர், சுத்திகரிப்புக்கு ராத்தலுக்கு (பவுண்டுக்கு) 8 சென்ட், ரெண்டையும் கூட்டினா 124 டாலர் வருது, அதாவது 5, 6 சதவீதம். 2025க்கு சிலியோட அன்டோஃபகஸ்டா கம்பெனியும் சீனாவோட ஜியாங்ஷி காப்பரும் பேசி முடிச்ச கூலி 21.25 டாலர்தான். அதே வருஷம் நடுவுல அன்டோஃபகஸ்டா ஒரு சீன ஆலையோட போட்ட ஒப்பந்தத்துல கூலி பூஜ்யம், சும்மா உருக்கித் தர்றேன்னு ஒத்துக்கிட்டாங்க. சீனாவுல அவ்வளவு ஆலை கட்டிட்டாங்க, பொடிக்கு அடிதடி.

ஆக, உருக்கினாதான் லாபம்னு சொல்றவங்க இந்த 5 சதவீதத்துக்காகத்தான் சண்டை போடுறாங்க, அதுவும் இப்ப இல்ல. பெரிய காசு பூமிக்கு அடியிலயே இருக்கு, அது யார் கைக்குப் போகுதுங்கிறதுதான் நாட்டுக்கு முக்கியம். 1971 ஜூலை 11ல சிலி நாடாளுமன்றத்துல ஒருத்தர் கூட எதிர்க்காம அமெரிக்கக் கம்பெனிகளோட பெரிய சுரங்கங்களை நாட்டுடைமை ஆக்கினாங்க, அலெண்டே அதிபரா இருந்த காலம். 1976ல அந்தச் சுரங்கங்களை எல்லாம் சேத்து கோடெல்கோன்னு அரசுக் கம்பெனி ஆச்சு. அந்த ஒரு முடிவு குடுத்த பலன்ல நூத்துல ஒரு பங்கு கூட ஒரு உருக்காலை குடுக்காதுன்னு தைரியமா சொல்லுவேன்.

அப்ப பொடியாவே அனுப்பிடலாமான்னா, அவசரப்படாதீங்க, மூணு விஷயம் இடிக்குது.

ஒண்ணு, நூறு டன் ஏத்துனா அதுல எழுபது டன்னுக்கு மேல கந்தகமும் இரும்பும் கல்லும்தான், அதுக்கும் சேத்துதான் பசிபிக் கடல் முழுக்க கப்பல் வாடகை. ரெண்டாவது ஆர்சனிக். வடக்குல கோடெல்கோவோட சுக்கிகமாட்டா சுரங்கத்துப் பக்கத்துத் தாதுல அது ஜாஸ்தி, 0.5 சதவீதத்துக்கு மேல ஆர்சனிக் இருக்கிற பொடிய சீனா உள்ளயே விடாது. வாங்க ஆள் குறையுற சரக்கை சொந்த ஊர்லதான் சுத்தம் பண்ணியாகணும், அதுக்குன்னே கோடெல்கோ மினிஸ்ட்ரோ ஹேல்ஸ் சுரங்கத்துல வறுக்கிற ஆலையே கட்டி வெச்சிருக்கு. மூணாவது ஆசிட். ஒரு டன் காப்பர் உருக்குறப்போ வர்ற கந்தகப் புகையைப் பிடிச்சா சுமார் 3 டன் கந்தக அமிலம் கிடைக்கும். சிலியில பாறையிலேருந்து காப்பரைக் கரைச்செடுக்க அதே ஆசிட்டுக்கு பெரிய தேவை இருக்கு (அது கடைசியில வரும்), பத்தாம வெளிநாட்டுலேருந்து கப்பல்ல வாங்குறாங்க. கந்தகத்தைப் பொடியில வெச்சு இலவசமா அனுப்பிட்டு ஆசிட்டை காசு குடுத்துத் திருப்பி வாங்குறது எனக்கு மனசுக்கு ஒப்பல.

ஆனா புகையைப் பிடிச்சான்னு சொன்னேன் பாருங்க, அங்கதான் உயிர் போற கதை இருக்கு. சிலியோட வென்டானாஸ் உருக்காலை 1964லேருந்து கின்டெரோ விரிகுடா ஓரமா ஓடுச்சு, பக்கத்துலயே அனல்மின் நிலையம், எண்ணெய், ரசாயனம்னு எல்லாம் நெருக்கி வெச்சாங்க. 2011ல பக்கத்து லா கிரேடா ஊர் ஸ்கூல்ல பிள்ளைங்களும் டீச்சர்களும் கந்தகப் புகையில மூச்சு முட்டி மயங்கினாங்க, கடைசியில ஸ்கூலையே வேற இடத்துக்கு மாத்தினாங்க. பலி கொடுக்கப்பட்ட பகுதின்னு அந்த ஊருக்கே பேரு வந்துடுச்சு. 2022 ஜூன்ல மறுபடி நூத்துக்கும் மேல பேர் பாதிக்கப்பட்டப்போ அதிபர் போரிச் மூடுறோம்னு அறிவிச்சார், வேலை போகும்னு தொழிலாளர்கள் ஸ்டிரைக் பண்ணாங்க, 2023 மே கடைசியில உலை அணைஞ்சுது. ஸ்டிரைக் பண்ணவங்களையும் குறை சொல்ல மாட்டேன், அவங்க வீடும் அதே காத்துக்குள்ளதான் இருந்துச்சு.

நமக்கு இது தூரத்துக் கதை இல்ல. தூத்துக்குடியில வருஷம் 4 லட்சம் டன் திறனோட ஓடின ஸ்டெர்லைட் ஆலை இதே மாதிரி வெளிநாட்டுப் பொடிய இறக்கி உருக்கினதுதான். 2018 மே 22, 23 துப்பாக்கிச் சூட்டுல 13 உயிர் போச்சு, ஆலை மூடுச்சு, 2024 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட்டும் திறக்க மறுத்துடுச்சு. சிலி பொடியா அனுப்புதுன்னா அந்தப் புகை இல்லாம போயிடல, வேற ஏதோ துறைமுகத்து ஊர் ஜனங்க தலைமேல எழும்புது, ஒப்பிடுறப்போ இந்தக் கணக்கை விட்டுட்டுப் பேசறதுல எனக்கு சம்மதமே இல்ல.

அதனால என் ஓட்டு இப்படி. பழைய ஆலைகளை இழுத்துப் பிடிச்சு ஓட்டுறது வேணாம், ஊர் இல்லாத வடக்குப் பாலைவனத்துல, ஆர்சனிக் சரக்கையும் சேத்துக் கையாளுற மாதிரி, புகையை முழுசாப் பிடிக்கிற ஒரு புது ஆலை போதும், அது லாபத்துக்கு இல்ல, ஆசிட்டுக்கும் சீனாவை மட்டும் நம்பி நிக்காம இருக்கவும். 2013ல சிலி போட்ட விதிப்படி பழைய ஆலைகளே கந்தகத்துல 95 சதவீதம் பிடிச்சாகணும், புதுசு அதைத் தாண்டணும். மிச்ச நல்ல பொடி கப்பல்லயே போகட்டும்.

சரி, அந்த இன்னொரு வழி. காப்பர் ஆக்சிஜனோட சேந்து இருக்கிற ஆக்சைடு தாதுன்னா உலையே வேணாம். உடைச்ச பாறையை மேடா குவிச்சு, சொட்டுநீர்ப் பாசனம் மாதிரி குழாய் போட்டு ஆசிட் தண்ணிய விட்டா காப்பர் கரைஞ்சு இறங்கும், அதைப் பிரிச்சு கரண்ட் குடுத்தா நேரா தகடு. புகை இல்ல, அரைக்கிற செலவு இல்ல. கோடெல்கோவோட கேப்ரியேலா மிஸ்ட்ரல் சுரங்கம் முழுக்க இப்படித்தான். கஷ்டம் என்னன்னா மேலாப்புல இருக்கிற ஆக்சைடு தீந்துட்டே வருது, அடியில இருக்கிறது கந்தகத்தோட சேந்த சல்பைடு, அது சாதா ஆசிட்டுக்கு லேசுல கரையாது. பிஹெச்பியோட ஸ்பென்ஸ் சுரங்கம் 2006லேருந்து தகடு மட்டும் பண்ணிட்டு இருந்துச்சு, 2020 கடைசியில அங்கயும் பொடி ஆலை வந்துடுச்சு. இப்படியே போனா சிலி முழுக்க தகடு எடுக்கிற தொட்டிங்க வேலையில்லாம நிக்கும். அதனால உப்பு சேத்து சூடு ஏத்தி சல்பைடையும் கரைக்கப் பாக்குறாங்க, அன்டோஃபகஸ்டா கம்பெனி அதுக்கு கப்ரோக்ளோர்-டி (Cuprochlor-T) அப்படின்னு பேரு வெச்சிருக்கு. கின்டெரோ மாதிரி ஊருங்களுக்காகவாவது இது பெரிய அளவுல ஓடணும்னு ரொம்ப ஆசைப்படுறேன்.