அலுமினியத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் ஒரே பிளேடு: பாஷ் மல்டி மெட்டீரியல் 10 இஞ்ச்

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். அலுமினிய ஜன்னல் செக்‌ஷனும் (சட்டம் செய்கிற நீளத் துண்டு) வெட்ட வேண்டும், நடுநடுவே யுபிவிசியும் (ஜன்னல் செய்கிற கெட்டிப் பிளாஸ்டிக்) அக்ரிலிக்கும் வரும், மேலிருந்து இறக்கி வெட்டுகிற மைட்டர் சா ஒன்றுதான் இருக்கிறது என்கிற சின்னப் பட்டறைக்கு பாஷ் கம்பெனியின் மல்டி மெட்டீரியல் பிளேடு, 254 மி.மீ., 96 பல், கொடுக்கிற காசுக்குத் தகுந்த சாமான். காலையிலிருந்து இரவு வரை அலுமினியம் மட்டுமே ஓடுகிற இடம் என்றால் அதற்கென்றே வரும் 100 அல்லது 120 பல் பிளேடுக்குப் போங்கள். அக்ரிலிக் போர்டு வேலை மட்டும் செய்கிறவர்களுக்கு இந்த இரண்டுமே வேண்டாம், காரணம் கீழே வருகிறது.

கடையில் போய் அலுமினியம் பிளேடு என்று கேட்டவுடன் வரும் கேள்வி, "எத்தனை பல்லுண்ணே வேணும்?" பாரிமுனையிலும் அதே கேள்விதான், கோயம்புத்தூர் நஞ்சப்பா ரோட்டிலும் அதே கேள்விதான். பல் எண்ணிக்கை முக்கியம்தான், ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது பல்லின் வடிவமும் அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதும். மர பிளேடை எடுத்துப் பாருங்கள். ஒரு பல் இடது பக்கம் சரிவு, அடுத்தது வலது பக்கம் சரிவு, நுனி கூர்மை, பல் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். மரத்தின் நாரை அறுக்க அது சரி. அதை அலுமினியத்தில் இறக்கினால் கூர் நுனி சீக்கிரம் மழுங்கும், முன்னோக்கிச் சாய்ந்த பல் செக்‌ஷனைக் கவ்வி இழுக்கும், மெல்லிய செக்‌ஷனாக இருந்தால் அப்படியே நெளித்துத் தூக்கி எறிந்துவிடும்.

அலுமினியத்துக்கான பிளேடில் டிசிஜி என்று போட்டிருக்கும், ட்ரிபிள் சிப் கிரைண்ட் என்கிற பல் வடிவத்தின் சுருக்கம் அது. ஒரு பல் இரண்டு மூலையும் சீவப்பட்டு ஒரு துளி உயரமாக நின்று நடுவில் பள்ளம் எடுக்கும், அடுத்த பல் தட்டையாக, கொஞ்சம் தாழ்வாக இருந்து இரண்டு ஓரத்தையும் சுத்தம் செய்துகொண்டே போகும். கோணம் நெகட்டிவாக இருக்க வேண்டும், அதாவது பல் பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும், வழக்கமாக மைனஸ் 5, மைனஸ் 6 டிகிரி. மேலிருந்து இறக்கி வெட்டுகிற மெஷினில் பொருளைக் கவ்வாமல் காப்பது இந்தக் கோணம்தான். அட்டையில் எழுதவில்லை என்றால் ஒரு ஸ்கேலை நடு ஓட்டையின் மையத்திலிருந்து பல் நுனி வரை வைத்துப் பாருங்கள்: நுனிக்குக் கீழே பல்லின் முகம், சுற்றும் திசையில், ஸ்கேலைத் தாண்டித் துருத்தினால் நெகட்டிவ், உள்வாங்கினால் பாசிட்டிவ். 120 பல் இருந்து கோணம் பாசிட்டிவாக இருக்கிற பிளேடை விட 80 பல் நெகட்டிவ் பிளேடையே நான் மைட்டர் சாவில் மாட்டுவேன்.

சரி, இந்த பிளேடு அலுமினியத்தில் எப்படி? நம்ம ஊர் ஜன்னல் செக்‌ஷன் பெரும்பாலும் 6063 என்கிற அலுமினியக் கலவை ரகம், சுவர் கனம் ஒன்றேகால் மில்லிமீட்டரிலிருந்து இரண்டு வரை. ஸ்லைடிங் ட்ராக், ஷட்டர் செக்‌ஷன் எல்லாம் வெண்ணெய் மாதிரி இறங்குகிறது, 45 டிகிரி மூலை இரண்டையும் சேர்த்து வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரியவில்லை, பவுடர் கோட்டிங் ஓரத்தில் பெயரவில்லை. அடிப்பக்கம் மட்டும் லேசாகப் பிசிறு நிற்கும், அரத்தை ஒரு இழுப்பு இழுத்தால் போய்விடும். கனமான அலுமினியப் பட்டை, கட்டை மாதிரி சாலிட் ராடு எல்லாம் இத்தனை பல் உள்ள எந்த பிளேடுக்கும் ஏற்ற வேலை இல்லை, பல்லுக்கு நடுவில் சில்லு தங்க இடம் போதாது.

அலுமினியத்தின் குணமே சூடானால் பல்லில் அப்பிக்கொள்வதுதான். அப்பிய பிறகு வெட்டுவது பல் இல்லை, பல்லின் மேல் ஒட்டிய அலுமினியம். சத்தம் மாறும், வெட்டிய முகத்தில் கோடு விழும். நிறைய பேர் மண்ணெண்ணெயைத் தொட்டு வைக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம், மைட்டர் சா மோட்டாரில் கார்பன் பிரஷ் இருக்கிறது, அது ஓடும்போது பொறி விடும். கட்டிங் மெழுகு கட்டியைப் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பல்லில் தேய்த்தால் போதும். வெட்டிய பிறகு செக்‌ஷனை நன்றாகத் துடைத்துவிட வேண்டும், மெழுகோ எண்ணெயோ இருக்கிற இடத்தில் சிலிகான் ஒட்டாது, ஆறு மாதம் கழித்து மழைத் தண்ணீர் உள்ளே வருகிறது என்று வீட்டுக்காரர் நம்மைத்தான் கூப்பிடுவார்.

இனி பிளாஸ்டிக். யுபிவிசி புரொஃபைல் இந்த பிளேடுக்கு மிக எளிது, முகம் பளிச்சென்று வருகிறது. கவனிக்க வேண்டியது இரண்டு. பலத்துக்காக உள்ளே சொருகும் ஜிஐ கம்பியை (துத்தநாகம் பூசிய இரும்பு) சேர்த்து வைத்து வெட்டவே கூடாது, பல் நுனியில் பற்றவைத்திருக்கிற கார்பைடு மிகக் கடினமானது, ஆனால் நொறுங்கும், அதைத் தனியாக வேறு மெஷினில் வெட்டிச் சொருகுங்கள். அப்புறம் வெல்டிங்கில் ஒவ்வொரு முனையிலும் ஏறத்தாழ 3 மி.மீ. உருகிப் போகும், அந்த அளவைக் கூட்டி வெட்டுங்கள்.

அக்ரிலிக்தான் பொறுமையைச் சோதிக்கும். அது 100 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே போனாலே இளகிவிடும், யுபிவிசி 80 டிகிரி வாக்கிலேயே. எங்கள் மெஷின் 4600 ஆர்பிஎம், 96 பல்லோடு பெருக்கிப் பாருங்கள், நிமிடத்துக்கு நான்கு லட்சத்துக்கும் மேல் பல் அந்த இடத்தைத் தொட்டுப் போகிறது. பயந்து பயந்து மெதுவாக இறக்கினால் ஒவ்வொரு பல்லும் எடுக்க ஒன்றும் இல்லாமல் வெறுமனே உரசும், உரசலில் சூடு, சூட்டில் உருகல், வெட்டிய தடம் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு பிளேடைப் பிடிக்கும். ஆகவே நிறுத்தாமல், ஒரே வேகத்தில், கொஞ்சம் தைரியமாகவே இறக்க வேண்டும். சில்லு உதிரியாக வந்தால் வேகம் சரி, நூல் நூலாகச் சுருண்டு வந்தால் உருகுகிறது. அச்சில் வார்த்த காஸ்ட் ஷீட் இதைத் தாங்கும், மெஷினில் பிதுக்கி எடுத்த, விலை குறைந்த எக்ஸ்ட்ரூடட் ஷீட் சீக்கிரம் பிசுபிசுக்கும். இதனால்தான் அக்ரிலிக் மட்டுமே வெட்டுகிறவர்களுக்கு, பல் குறைவாகவும் பல்லுக்கு நடுவே இடம் தாராளமாகவும் உள்ள, பிளாஸ்டிக்குக்கென்றே வருகிற பிளேடு நல்லது என்கிறேன். மேலே இருக்கும் பாதுகாப்புத் தாளை உரிக்காதீர்கள், அடியில் ஒரு பழைய எம்டிஎஃப் துண்டைக் கொடுத்து வெட்டினால் ஓரம் தெறிக்காது. அலுமினியம் வெட்டிவிட்டு அப்படியே அக்ரிலிக்குக்குப் போகவும் வேண்டாம், பல்லில் ஒட்டிய அலுமினியத் துகள் ஷீட் முழுக்கக் கீறல் போட்டுவிடும். பாலிகார்பனேட் அக்ரிலிக் மாதிரி விரிசல் விடாது, உருகும் தொல்லை மட்டும்தான்.

வாங்கும்போது ஓட்டை அளவைப் பாருங்கள். இங்கே புழங்கும் 10 இஞ்ச் மெஷின்களில் 25.4 மி.மீ. ஷாஃப்டும் உண்டு, 30 மி.மீ. ஷாஃப்டும் உண்டு. 30 ஓட்டை பிளேடை 25.4 ஷாஃப்டில் மாட்ட ரிடக்‌ஷன் ரிங் வேண்டும், அது ஆடாமல் இறுக்கமாக உட்கார வேண்டும், பிளேடை விடக் கனமாக இருக்கக் கூடாது. பேர் இல்லாத விலை மலிவு 120 பல் பிளேடுகளையும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன், புதிதில் நன்றாகத்தான் வெட்டும், ஆனால் கார்பைடு துண்டு மிகச் சின்னது, பற்றவைப்பில் இடைவெளி கண்ணுக்கே தெரியும், ஒரு பல் தெறித்தால் பக்கத்துப் பல்லையும் கூட்டிக்கொண்டு போகும். நொடிக்கு ஏறத்தாழ 60 மீட்டர் வேகத்தில் ஓடுகிற விளிம்பு அது. கண்ணாடி போடாமல் அதன் முன்னால் நிற்க எனக்கு மனம் வராது, காசு மிச்சம் என்று யாருக்கும் சொல்லவும் மாட்டேன்.

பல் வைத்த பிளேடை 4 இஞ்ச் கிரைண்டரில் மாட்டி அலுமினியம் வெட்டுகிற பழக்கம் சைட்டில் பரவலாக இருக்கிறது. கிரைண்டர் 11,000 ஆர்பிஎம், பொருளின் மேல் உட்கார பேஸ் பிளேட் கிடையாது, கவ்வினால் நேராக வெட்டுகிறவர் மேலேதான் வரும். ஏசிபி ஷீட் (இரண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்தது) வெட்ட 110 மி.மீ. பிளேடு வேண்டும் என்றால் மார்பிள் கட்டரில் மாட்டுங்கள், ஷீட்டின் மேல் உட்கார அதற்குத் தளம் இருக்கிறது.

மழுங்கிய பிறகு சாணைக்குக் கொடுப்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். மர பிளேடு சாணை பிடிக்கும் ஒரு கடையில் கொடுத்து, டிசிஜி பல் எல்லாவற்றையும் இடம் வலமாகச் சரித்துக் கொடுத்துவிட்டார்கள், அதன் பிறகு அது அலுமினியத்துக்கு ஆகவில்லை. கொடுப்பதற்கு முன்பே டிசிஜி பிடிக்க மெஷின் இருக்கிறதா, நெகட்டிவ் கோணத்தை அப்படியே வைப்பார்களா என்று கேளுங்கள். உயரப் பல்லுக்கும் தட்டைப் பல்லுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டச் சொன்னால் தெரிந்தவர் உடனே காட்டுவார்.