அடுக்குமாடியில் தீ அபாய மதிப்பீடு: பட்டியலா, ஆலோசகரா, நாமே சுற்றிப் பார்ப்பதா?

நாலு மாடி, முப்பது நாற்பது வீடு, கீழே வண்டி நிறுத்தும் இடம், மேலே போக ஒரே படிக்கட்டு. சென்னையிலும் கோவையிலும் இப்படிப்பட்ட குடியிருப்புகள் ஏராளம். தீ அபாயத்தை மதிப்பிடலாம் என்று சங்கம் முடிவெடுத்தால் மூன்று வழிகள் முன்னால் நிற்கும்: செக்லிஸ்ட்டை வைத்துச் சரிபார்ப்பது, ஆலோசகரை அழைப்பது, குடியிருப்பவர்களே கட்டடத்தைச் சுற்றிப் பார்த்து எழுதுவது.

செக்லிஸ்ட் மறதிக்கு நல்ல மருந்து. தீயணைப்பான் எத்தனை, கடைசியாக எப்போது நிரப்பியது, அழுத்தமானியின் முள் பச்சையில் நிற்கிறதா என்று வரிசையாகக் கேட்கும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் அந்த முள்ளே கிடையாது, எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும் என்பதையும் நல்ல பட்டியல் நினைவூட்டும். ஆனால் அது பொருளை எண்ணுமே தவிர, ஒன்றோடு ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்க்காது. 1997 ஜூன் 13 அன்று டெல்லி உபஹார் திரையரங்கில் 59 பேர் இறந்தார்கள். தீப்பிடித்தது தரைத்தள வாகன நிறுத்தத்தில் இருந்த டிரான்ஸ்ஃபார்மரில். உயிர்கள் போனது மேலே பால்கனியில், புகையால். கூடுதலாகப் போட்ட இருக்கைகள் அங்கே வெளியேறும் வழியை அடைத்திருந்தன. கதவு இருக்கிறதா என்று கேட்டால் ‘இருக்கிறது’ என்று டிக் அடித்துவிடலாம். அந்தக் கதவு வரை போக முடியுமா என்பதுதான் கேள்வி.

அதனால்தான் சுற்றிப் பார்ப்பதை நான் முதலில் வைக்கிறேன். அதுவும் இரவு பத்து மணிக்கு மேல். பகலில் காலியாகக் கிடக்கும் பார்க்கிங்கில் அப்போது எல்லா வண்டிகளும் வந்திருக்கும். படிக்கட்டின் அடியில் மீட்டர் பலகை, அதன் பக்கத்தில் எக்ஸ்டென்ஷன் வயரில் சார்ஜ் ஏறும் மின்சார ஸ்கூட்டர், ஒட்டி நிற்கும் பெட்ரோல் வண்டிகள், யாரோ போட்டுவைத்த பழைய மெத்தை. தனித்தனியே பார்த்தால் எதுவும் பெரிதாகத் தெரியாது. நாலும் ஒரே படிக்கட்டின் வாயில் இருப்பதுதான் ஆபத்து, ஏனென்றால் அங்கே கிளம்பும் புகைக்கு அந்தப் படிக்கட்டுதான் புகைபோக்கி. மேலே போனால் மொட்டை மாடிக் கதவில் பூட்டு. சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். மூன்றாவது மாடியில் தனியாக இருக்கும் பாட்டியால் படி இறங்க முடியாது, அவரை யார் தூக்கி வருவது என்பது எந்தப் பட்டியலிலும் இல்லை. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகளைப் பறித்த பள்ளியிலும் சமையல் கொட்டகை, கீற்றுக் கூரை, குறுகிய படிக்கட்டு எல்லாம் கண்ணெதிரேதான் இருந்தன. அவற்றைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவைப்பட்டிருக்காது.

இந்த வழிக்கும் குறை உண்டு. பழகிய கண் பல விஷயங்களைத் தாண்டிப் போகும். எதிர்வீட்டுக்காரரின் செருப்பு அலமாரி வழியை அடைக்கிறது என்று எழுதவும் கை தயங்கும். பக்கத்துக் குடியிருப்பிலிருந்து இரண்டு பேரைக் கூட அழைத்துக்கொண்டால் இரண்டுமே தீரும். சுவருக்குள் சூடாகும் வயர் மட்டும் யார் கண்ணுக்கும் தெரியாது.

அங்கேதான் ஆலோசகர் வேண்டும். மின்சுமையை அளப்பார், வெப்பப் படக்கருவியால் மீட்டர் பலகையின் இணைப்புகளைப் பார்ப்பார், தீயணைப்புப் பம்பை ஓட்டிச் சோதிப்பார். தமிழ்நாட்டுக் கட்டட விதிகள் 2019-இன்படி 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயரமான கட்டடம். அங்கே ஆலோசகர் இல்லாமல் முடியாது. ஆனால் அவர் தரும் மதிப்பெண் அட்டவணையை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒவ்வொரு ஆபத்துக்கும் நிகழ வாய்ப்பு, பாதிப்பு என இரண்டு எண் போட்டுப் பெருக்குவார்கள். வாய்ப்பு 5, பாதிப்பு 2 என்றால் 10. வாய்ப்பு 2, பாதிப்பு 5 என்றாலும் அதே 10. அடிக்கடி கருகும் குப்பைத்தொட்டியும், என்றோ ஒருநாள் படிக்கட்டையே புகையால் அடைக்கப்போகும் தீயும் ஒரே வரிசையில் வந்து உட்கார்ந்துவிடும். தீயணைப்பான் விற்பவர்கள் இலவசமாகச் செய்து தரும் ஆய்வையும் வேண்டாம் என்றே சொல்வேன். அவர்கள் கண்ணில் படும் குறை பெரும்பாலும் அவர்கள் விற்கும் பொருளாகவே இருக்கும்.

நாலு மாடிக் குடியிருப்புக்கு என் பரிந்துரை: முதலில் இரவுச் சுற்று, அடுத்து செக்லிஸ்ட், கடைசியில் மின்சார வேலைக்கு மட்டும் உரிமம் பெற்ற ஒருவர். முதல் சுற்றில் கண்டதில் பாதியைப் பெரிய செலவில்லாமலே சரிசெய்யலாம்: மெத்தையை வெளியேற்றுவது, வண்டிகளைத் தள்ளி நிறுத்துவது, மாடிக் கதவில் உள்ளிருந்து சாவியின்றித் திறக்கும் தாழ்ப்பாள் போடுவது. ஒவ்வொன்றுக்கும் எதிரே பொறுப்பாளரின் பெயரும் தேதியும் எழுதுங்கள். கீழே புதிதாக ஒரு கடை வந்தாலோ, சார்ஜிங் பாயின்ட் போட்டாலோ அடுத்த ஆண்டு வரை காத்திருக்காமல் அந்த வாரமே மறுபடி சுற்றிப் பாருங்கள்.