விரால் ரப்பர் வார்க்க ஆன்லைனில் கிட் வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் விரால் தூண்டில் போடுகிறவர்கள் பலர் இப்போது தூண்டிலில் இரையாக மாட்டுகிற ரப்பர் புழு, ரப்பர் மீன் எல்லாம் வீட்டிலேயே வார்க்க ஆரம்பித்திருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். காவேரிப்பாக்கம் ஏரிப் பக்கம் ஆகாயத்தாமரை ஓரமாக ஒரு காலைப் பொழுது வீசினாலே வால் அறுந்த ரப்பர்கள் பை நிறையச் சேர்ந்துவிடும். ஒவ்வொரு தடவையும் கடையில் பாக்கெட் வாங்கிக் கட்டுப்படியாகாது. இதைத் தெரிந்துகொண்டுதான் சிலர் இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் ‘லூர் மேக்கிங் கிட்’ (செயற்கை இரை செய்கிற கிட்) என்று விற்கக் கிளம்பியிருக்கிறார்கள். அப்படி ஒரு கிட்டை நானும் என் மச்சானும் வாங்கினோம். பணம் போனது போகட்டும். மச்சானுக்கு மணிக்கட்டில் கொப்புளம், இரண்டு பேருக்கும் இரவெல்லாம் இருமல், கண் எரிச்சல். அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ரப்பர் வார்க்கிற திரவமான பிளாஸ்டிசால் ஒரு லிட்டர், இரண்டு பாட்டில் கலர், ஒரு பொட்டலம் ஜிகினா, எல்லாம் சேர்த்து 1,450 ரூபாய். முழுப் பணத்தையும் ஜிபேயில் முன்னாடியே அனுப்பச் சொன்னார்கள். வந்தது ஒரு வெள்ளைக் கேன். அதில் கம்பெனி பெயர் இல்லை, தயாரித்த மாதம் இல்லை, அளவு இல்லை, விலை இல்லை. பில் கேட்டதற்கு “அனுப்புறேன் ப்ரோ” என்றார்கள். இன்றுவரை வரவில்லை.

நல்ல பிளாஸ்டிசால் எப்படி நடந்துகொள்ளும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் ஏமாற்று எங்கே என்று புரியும். பிவிசி ரெசின் பொடியைப் பிளாஸ்டிசைசர் என்கிற எண்ணெயில் கலந்து வைத்ததுதான் அது. பார்க்கப் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். கேனில் சும்மா இருந்தால் ரெசின் அடியில் தங்கும், நன்றாகக் குலுக்கிய பிறகுதான் ஊற்ற வேண்டும். சூடு ஏறும்போது முதலில் கேழ்வரகுக் கூழ் போலக் கெட்டியாகும். பலர் அந்த இடத்தில் கெட்டுப்போய்விட்டது என்று பயப்படுவார்கள். தொடர்ந்து கிளறிச் சூடாக்கினால் 170 டிகிரி செல்சியஸ் பக்கம் வந்ததும் இளகி, வெள்ளை நிறம் போய்த் தெளிந்துவிடும். அந்தத் தெளிவு வந்ததும் கலர் சேர்த்து அச்சில் ஊற்ற வேண்டியதுதான். 200 டிகிரியைத் தாண்ட விட்டால் மஞ்சளாகிக் கருகும், ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும். கண்ணையும் நுரையீரலையும் பதம் பார்க்கிற வாயு அது.

எங்களுக்கு வந்தது தெளியவே இல்லை. மாடியில், திறந்த வெளியில், இதற்கென்றே ஒதுக்கிய பழைய மைக்ரோவேவில், கண்ணாடிக் குவளையில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக்கினோம். கூழ் பதமும் வரவில்லை, தெளிவும் வரவில்லை. மேலே எண்ணெய் மினுமினுத்தது, அடியில் வெள்ளை மாவு கட்டிக்கொண்டு கரண்டியோடு வந்தது. வீடியோ எடுத்து விற்றவருக்கு அனுப்பினேன். உடனே போன் செய்தார். “ப்ரோ, சூடு பத்தல. புகை வர்ற வரைக்கும் வைங்க. கலரை இப்பவே ஊத்துங்க, செட் ஆயிடும்” என்றார்.

மச்சான் கலர் பாட்டிலைத் திறந்து இரண்டு சொட்டு விட்டதுதான் தாமதம், கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் பட்டதுபோல் படபடவென்று தெறித்தது. கையுறைக்கும் சட்டைக் கைக்கும் நடுவே இருந்த இடத்தில் ஒட்டிக்கொண்டது. தோலோடு ஒட்டியதைப் பிய்க்காமல் குழாய்த் தண்ணீரில் ரொம்ப நேரம் காட்டினோம், பிறகு டாக்டரிடம் போனோம். அதற்குள் குவளையிலிருந்து புகை மண்டிவிட்டது.

அந்தக் கலர் என்னவென்று பிறகுதான் தெரிந்தது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் அப்படியே கரைந்து பரவுகிறது. சுவர் பெயின்ட்டில் கலக்கிற ஸ்டெய்னர் போலத் தண்ணீரோடு சேர்கிற சரக்கு. பிளாஸ்டிசாலுக்கான கலர் தண்ணீரில் இப்படிக் கரையாது. 170 டிகிரி திரவத்தில் ஈரமுள்ள எதைப் போட்டாலும் ஆபத்து. சரியாகக் காயாத பிளாஸ்டர் அச்சுக்கூட இதே வேலையைக் காட்டும். இது தெரிந்த ஒருவர் இப்படி ஒரு கலரை கிட்டில் வைத்து அனுப்ப மாட்டார். தெரியாதவர் இதை விற்கவே கூடாது.

ஆம்பூரில் ஷூ சோல் கம்பெனியில் வேலை பார்க்கிற, எங்களுக்குப் பழக்கமான அண்ணன் ஒருவரிடம் கேனைக் கொண்டுபோய்க் காட்டினேன். பிவிசியோடு காலம் தள்ளுகிறவர். அடியில் தங்கியதைக் கொஞ்சம் நியூஸ்பேப்பரில் வைத்து எண்ணெயை உறிஞ்சவிட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவி, மேலே வினிகர் விட்டார். நுரைத்துப் பொங்கியது. “ரெசின் பொங்காது தம்பி. இது கால்சியம் பவுடர். டி.ஓ.பி. ஆயில்ல கால்சியத்தைப் போட்டு அடிச்சுக் குடுத்திருக்கான், ரெசின் பேருக்குத்தான் இருக்கும்” என்றார். டி.ஓ.பி. என்பது ஒரு பிளாஸ்டிசைசர் எண்ணெய். அவர் சொன்ன கால்சியம், அதாவது சுண்ணாம்புக்கல் பொடி, எத்தனை டிகிரியிலும் தெளியாது. ஆனால் கேனில் இருக்கும்போது நல்ல சரக்கைப் போலவே வெள்ளையாகத் தெரியும். அந்த வெள்ளையை வைத்துத்தான் ஏமாற்றுகிறார்கள்.

ஆகவே நண்பர்களே, யாரிடம் வாங்கினாலும் முதலில் இரண்டு ஸ்பூன் மட்டும் சூடாக்கிப் பாருங்கள். வெப்பமானி கையில் இருக்கட்டும். 175 டிகிரி வந்தும் தெளியவில்லை என்றால் அடுப்பை அணைத்துவிடுங்கள். இன்னும் சூடாக்கு என்று போனில் யார் சொன்னாலும் கேட்காதீர்கள், புகையில் நிற்கப்போவது அவரில்லை. வினிகர் சோதனை வீட்டிலேயே செய்யலாம். அப்புறம், இதற்குப் பயன்படுத்திய பாத்திரமும் மைக்ரோவேவும் சமையலறைக்குத் திரும்பிப் போகக் கூடாது. சின்னப் பிள்ளைகளை மாடிப் பக்கமே விடாதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் ‘கெமிக்கல் ஐட்டம், ரிட்டர்ன் இல்லை’ என்று ஒரு மெசேஜ் வந்தது. அதோடு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போட வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு பொருளே அனுப்பாமல் ஓடிவிட்டால் அது சைபர் குற்றம், 1930-க்கு உடனே அழையுங்கள்.

இதே மாதிரி லேபிள் இல்லாத வெள்ளைக் கேன் வந்தவர்கள் யாராவது இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், சாக்கடையிலோ ஏரியிலோ ஊற்றவும் வேண்டாம். மூடி போட்டு அப்படியே வையுங்கள். ஜிபே ஸ்கிரீன்ஷாட், விற்றவரோடு பேசிய மெசேஜ், கேனின் போட்டோ மூன்றையும் எடுத்துக்கொண்டு எனக்குச் சொல்லுங்கள். ஒரே ஆள்தான் எல்லோருக்கும் விற்றிருக்கிறார் என்றால் சேர்ந்தே ஆணையத்துக்குப் போகலாம். மனு எழுத நான் தயார்.