வள்ளத்தில் மீன் சுட எந்த அடுப்பு: பூவாறு காயலில் சில வருட அனுபவம்

சின்ன வள்ளத்துக்கு கிரில் அடுப்பு வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, ஒரே நேரத்தில் எத்தனை மீன் வைக்கலாம் என்பதுதான். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். அடுப்புக்கு மூடி உண்டா, வள்ளத்தின் விளிம்பில் ஆடாமல் பிடித்து நிற்குமா, தெறிக்கிற பொறியும் வடிகிற எண்ணெயும் எங்கே போய் விழும், இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகுதான் கம்பித் தட்டின் அளவைப் பற்றிப் பேச வேண்டும். மொட்டை மாடியில் அருமையாக வேலை செய்கிற அடுப்பு, இருபத்திரண்டு அடி ஃபைபர் வள்ளத்தில் அப்படியே வேலை செய்யாது.

எனக்குக் குமரி மாவட்டம் கொல்லங்கோடு பக்கம். நீரோடியைத் தாண்டினால் கேரளம். பொழியூர், அப்புறம் பூவாறு. நெய்யாறு கடலில் சேருகிற பொழிமுகத்துக்குக் கொஞ்சம் உள்ளே, காயலில்தான் எங்கள் வள்ளம் கிடக்கிறது. நானும் மச்சானும் ஓய்வு நாட்களில் தூண்டிலோடு கிளம்புவோம். கரிமீனோ கொடுவாவோ மாட்டினால் அது. மாட்டாவிட்டால் காலையில் கரையில் வாங்கிய அயலை (கானாங்கெளுத்தி) இருக்கும். வீட்டிலிருந்து அவித்த மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) வரும். சுடுவது மட்டும் வள்ளத்தில். தூத்தூர், சின்னத்துறை ஆட்கள் ஆழ்கடலுக்குப் போகிற பெரிய விசைப்படகுகளில் வாரக்கணக்கில் சமைக்கிறார்கள். அது தனிச் சமையல் இடமும் சிலிண்டரும் உள்ள வேறு கதை. இங்கே சொல்வது இரண்டு மூன்று பேர் உட்கார்கிற, கூரையில்லாத, அவுட்போர்டு இஞ்சின் வைத்த வள்ளத்துக்கு மட்டும்.

முதலில் வாங்கியது கேன் போடுகிற சின்ன கேஸ் அடுப்பும் அதன் மேல் வைக்கிற வார்ப்பிரும்புத் தட்டும். 2,000 ரூபாயை ஒட்டி ஆனது. பக்கவாட்டில் 220 கிராம் அளவிலான பியூட்டேன் கேன் உட்காரும். முழுத் தீயில் வைத்தால் ஒரு கேன் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். குளிர் நாடுகளில் பியூட்டேனைக் குறை சொல்வார்கள், ஏனென்றால் பூஜ்யம் டிகிரியை ஒட்டி அது ஆவியாகவே மறுத்துவிடும். நம் ஊர் வெப்பத்தில் அந்தப் பிரச்சினையே இல்லை, பிரச்சினை நேர்மாறானது. 50 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று கேனிலேயே அச்சிட்டிருப்பார்கள். மதிய வெயிலில் கிடக்கிற வள்ளத்தின் பலகையைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த எண் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று தெரியும். அகலமான தட்டை வைத்தால் அது கேனுக்கு மேலேயும் நீண்டு, சூட்டைக் கேன் மேலேயே திருப்பிவிடும். மீன் சுட அகலமான தட்டுதான் வேண்டும். அந்த இடத்தில்தான் எனக்கு இந்த அடுப்பு வேண்டாம் என்று தோன்றியது.

இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் பெரியது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. பியூட்டேன் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வீட்டில் கசிந்தால் ஜன்னலையும் கதவையும் திறந்துவிடலாம், வாசல் வழியே தரையோடு வெளியேறும். வள்ளம் என்பது நாலு பக்கமும் அடைத்த தொட்டி. கசிந்த கேஸ் அடித்தட்டில் இறங்கித் தங்கிவிடும், மேலே காற்று அடித்தாலும் கீழே அசையாது. காற்றில் 2 சதவீதம் அளவுக்குக் கலந்தாலே ஒரு பொறி போதும். கேஸ் அடுப்பைக் கட்டஞ்சாயா (பால் சேர்க்காத தேநீர்) போட மட்டும் இன்னும் வைத்திருக்கிறேன். வேலை முடிந்ததும் கேனைக் கழற்றி, மூடி போட்டு, நிழலில் வைப்போம். அடுப்பில் மாட்டியபடியே விடுவதில்லை.

அடுத்து இணையத்தில் வாங்கிய மடக்குக் கரி அடுப்பு. பெட்டி மாதிரி விரியும், கால் நாலும் மடங்கும், தூக்கிப் போக லேசு. படத்தில் பார்க்க அழகு. ஆனால் மூடி கிடையாது. பூவாறில் சுற்றுலாப் படகுகள் ஓடாத நேரமே இல்லை. ஒன்று வேகமாகக் கடந்தால் அதன் அலை வந்து வள்ளத்தைப் பக்கவாட்டில் தூக்கிப் போடும். மடக்குக் கால்கள் அந்த ஆட்டத்துக்கு நிற்கவே நிற்காது. அதற்கு மணல் நிரப்பிய இரும்புத் தட்டு ஒன்றை அடியில் வைத்து, கால்களை மணலில் புதைத்துத்தான் பயன்படுத்தினோம். ஒரே பருவத்தில் கம்பித் தட்டின் குரோம் பூச்சு செதில் செதிலாக உரிந்தது. குரோம் உரிகிற தட்டில் மீனை வைக்கக் கூடாது, தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான்.

இப்போது இருப்பது வட்டக் கிண்ண வடிவம், மூடியுள்ள கரி அடுப்பு. விட்டம் முப்பது சென்டிமீட்டர். நாலு நடுத்தர அயலை வைக்கலாம். அடியிலும் மூடியிலும் காற்றுத் துளை, இரண்டையும் திருகி மூடலாம். எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) 304 ரகத் தகடு. வள்ளத்தில் மாட்டுகிற பிடியை மார்த்தாண்டத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்தோம்: விளிம்பைக் கவ்வுகிற ‘ப’ வடிவம், இறுக்க இரண்டு பட்டர்ஃபிளை போல்ட், விளிம்புக்கும் இரும்புக்கும் நடுவே அயனிப் பலகைத் துண்டு. அடுப்பு வள்ளத்துக்கு வெளியே, தண்ணீருக்கு மேல் தொங்கும். கிண்ணத்துக்கும் ஃபைபருக்கும் ஒரு சாண் இடைவெளி கட்டாயம். ஃபைபரில் இருக்கிற பிசின் சூட்டில் முதலில் இளகும், பிறகு எரியவே எரியும். அந்த ஒரு சாணில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது.

வெளியே தொங்குவதில் ஒரு விலையும் உண்டு. கரியும் மீனுமாகச் சேர்த்து அந்தப் பக்கம் எடை கூடுகிறது. மீன் வெந்ததா என்று பார்க்க எல்லோரும் அந்தப் பக்கமே எழுந்து வந்தால் வள்ளம் சாயும். ஒருவர் சுட, மற்றவர்கள் எதிர்ப்பக்கம் உட்கார வேண்டும். பிள்ளைகள் வந்தால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

காற்றைப் பற்றி யாரும் சரியாகச் சொல்லித் தருவதில்லை என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். அணியத்தில், அதாவது வள்ளத்தின் முன்முனையில், நங்கூரம் போட்டால் வள்ளத்தின் முகம் காற்றுப் பக்கம் திரும்பிவிடும். அப்போது புகையும் பொறியும் பின்னோக்கி, அமரத்தை நோக்கிப் போகும். பெரிய பாய்மரப் படகுகளில் அடுப்பைப் பின்கம்பியில் மாட்டுவது இதனால்தான். அங்கிருந்து எல்லாம் தண்ணீருக்கு மேல் போய்விடும். நம் வள்ளத்தில் அமரத்தில் என்ன இருக்கிறது? இஞ்சினும் எரிபொருள் டேங்கும். நம் கரையில் நிறைய இஞ்சின்கள் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. மண்ணெண்ணெய் சாதாரண வெப்பத்தில் அவ்வளவாக ஆவி விடாது, பெட்ரோல் அப்படியில்லை. பெட்ரோல் ஆவியும் கனமானது, அதுவும் அடித்தட்டிலேயே ஊரும். சரி, டேங்கை அணியத்துக்கு மாற்றிவிடலாமா என்றால், அப்போது காற்று பெட்ரோல் ஆவியை நேராக அடுப்புக்குக் கொண்டுவரும். அது இன்னும் மோசம்.

பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் காட்டிய வழி எங்களுக்கு உதவியது. "மக்களே, வள்ளத்தைக் குறுக்க நிறுத்து, எல்லாம் சரியாகும்" என்றார். நங்கூரக் கயிற்றில் இன்னொரு கயிற்றைக் கட்டி, அதன் மறுமுனையை அமரத்தில் கட்டி இழுத்தால் வள்ளம் காற்றுக்குக் குறுக்காக நிற்கும். காற்று படாத பக்கத்து விளிம்பில், நடுவில் அடுப்பு. புகை, பொறி, எண்ணெய் எல்லாம் நேராக வெளியே தண்ணீர்மேல் போகும். டேங்க் அந்த வழியிலேயே இல்லை. டேங்கின் மூடியிலுள்ள காற்றுத் திருகை இறுக்கி, குழாயை இஞ்சினிலிருந்து கழற்றிய பிறகுதான் தீ மூட்டுவோம். இப்படி நிறுத்துவது காயலுக்கு மட்டும். கடலில் வள்ளத்தைக் குறுக்கே நிறுத்தினால் அலை உள்ளே வரும். காயலிலும் படகு ஓடுகிற வழியை விட்டு, கண்டல் மரங்கள் பக்கமாக ஒதுங்கிய கிளையில் நிறுத்துங்கள். மரக்கிளைக்கு மிக அடியில் போகவும் வேண்டாம்.

கரி என்றால் எங்களுக்குச் சிரட்டைக்கரிதான். புகை குறைவு, சூடு அதிகம், வெகுநேரம் நிற்கும். ஒரு வேளைக்கு அரைக்கிலோ தாராளம். கட்டாயம் காய்ந்திருக்க வேண்டும். உப்புக்காற்றில் ஈரம் குடித்த கரி படபடவென்று வெடித்துப் பொறி தெறிக்கும். பிளாஸ்டிக் டப்பாவில் இறுக மூடித்தான் கொண்டுபோகிறோம். மூட்டுவதற்கு மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம், மீனெல்லாம் அந்த வாடைதான் அடிக்கும். தேங்காய் எண்ணெயில் நனைத்த பஞ்சு இரண்டு உருண்டை கரிக்கு நடுவே வைத்தால் போதும். கரியின் மேல் சாம்பல் பூக்க இருபது நிமிடமாவது பொறுக்க வேண்டும்.

அயலைக்கு நல்லமிளகு, காந்தாரி மிளகாய், சின்ன உள்ளி, உப்பு, கொஞ்சம் குடம்புளிக் கரைசல். அரைத்துப் பூசி அரைமணி நேரம். கம்பியில் எண்ணெய் தடவி, கம்பி நன்றாகச் சூடான பிறகு மீனை வைத்தால் ஒட்டாது. வைத்ததும் சீறும். ஒன்றிரண்டு நிமிடத்தில் தோல் குமிழ்விட்டு எழும்பும், வயிற்றுப் பக்கத்திலிருந்து நெய் ஊறி, கம்பியின் அடியில் துளியாகத் திரண்டு நிற்கும். அந்தத் துளி கரியில் விழுந்தவுடன் ஒரு நாக்குத் தீ எழுந்து வாலைக் கருக்கும். இங்கேதான் மூடி தன் வேலையைக் காட்டுகிறது. மூடியைப் போட்டு அடித் துளையைப் பாதி அடைத்தால் சில நொடிகளில் தீ அடங்கி, உள்ளே சூடு மட்டும் நிற்கும். திருப்ப அவசரப்படக் கூடாது; வெந்த பக்கம் தானாகவே கம்பியை விட்டுவிடும், விடவில்லையென்றால் இன்னும் வேகவில்லை என்று அர்த்தம். பக்கத்துக்கு நாலைந்து நிமிடம். கரிமீன் கிடைத்தால் மசாலாவை வதக்கிக் கொண்டுபோய், வாழையிலையில் பொதிந்து மூடிக்குள் வைக்கிறோம். இலை கருகி மீன் நனைந்த பதத்தில் இருக்கும். மூடியில்லாத அடுப்பில் இது வரவே வராது.

துருவைப் பற்றி. கடையில் எல்லாவற்றையும் ‘எஸ்.எஸ்.’ என்றுதான் விற்பார்கள். காந்தம் ஒன்று கொண்டுபோங்கள். நன்றாக ஒட்டினால் அது மலிவான ரகம், காயல் காற்றில் சீக்கிரம் பழுப்பேறும். 304 பெரும்பாலும் ஒட்டாது. 316 இன்னும் மேல்; அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ப்பதால் உப்பை அதிகம் தாங்கும், விலையும் அதற்கேற்ப. எங்கள் 304 கிண்ணத்தில் தேநீர்க் கறை மாதிரி படர்கிறது, தேய்த்தால் போய்விடுகிறது. முதலில் துருப்பிடித்தது கிண்ணமல்ல, அதோடு வந்த சாதாரண இரும்பு போல்ட்டும் மூடிக் கைப்பிடித் திருகும். வாங்கிய அன்றே அவற்றை எஸ்.எஸ். ஆக மாற்றிவிடுவது நல்லது. அலுமினியப் பிடியில் எஸ்.எஸ். போல்ட் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். உப்புத்தண்ணீர் படும்போது அலுமினியம் பொடிப்பொடியாக அரிக்கும். சாம்பலை உள்ளேயே விட்டால் ஈரத்தில் காரமாகி உலோகத்தைக் குடையத் தொடங்கும். கரை சேர்ந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, கம்பியில் தேங்காய் எண்ணெய் தடவி வைக்கிறேன்.

கனல் கரியைக் காயலில் கொட்டக் கூடாது. ஆவி சீறிக் கையில் தெறிக்கும், தண்ணீரும் கெடும். இரண்டு துளைகளையும் மூடிவிட்டால் காற்றில்லாமல் கரி அணைந்துவிடும், மிச்சம் அடுத்த தடவைக்கும் ஆகும். மேலே சாம்பல் பூத்து அணைந்ததுபோல் இருந்தாலும் உள்ளே மணிக்கணக்கில் கனல் இருக்கும். ஆறிய பிறகே மூடியுள்ள தகர டின்னுக்கு மாற்றுவோம்.

எங்கள் பக்கம் இரண்டு பருவமழையும் உண்டு. ஐப்பசி கார்த்திகையில் மதியத்துக்கு மேல் இடியோடு மழை இறங்கும். மழை வந்ததும் தார்ப்பாயை இழுத்து எல்லோரும் அடுப்போடு அதற்குள் ஒதுங்கத்தான் தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள். கரி எரியும்போது வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாடையோ கிடையாது, தலைவலி தொடங்கும்போதே தாமதமாகியிருக்கும். மழை வந்தால் துளைகளை மூடு, அடுப்பு வெளியே நனையட்டும், நாம் உள்ளே இருப்போம்.

மேக்மா போன்ற அமெரிக்க நிறுவனங்கள் படகுக்கென்றே கம்பியில் மாட்டுகிற எஸ்.எஸ். அடுப்புகள் செய்கின்றன. பெரிய படகும் பின்கம்பியும் உள்ளவர்கள் யோசிக்கலாம். ஆனால் கேஸ் மாடல்கள் பெரும்பாலும் அங்கே கிடைக்கிற ஒரு பவுண்டு (சுமார் 450 கிராம்) புரோப்பேன் கேனுக்கானவை, நம் ஊர்க் கடைகளில் அது சுலபமாகக் கிடைக்காது. வரவழைப்பதானால் கரி மாடல்தான் உருப்படி.

எந்த அடுப்பானாலும் கூடவே வள்ளத்தில் இருக்க வேண்டியவை: ஏபிசி பவுடர் தீயணைப்பான் ஒன்று, கையெட்டும் தூரத்தில், ஆனால் அடுப்புக்குப் பின்னால் அல்ல; நனைத்த சாக்கு ஒன்று; நீளமான இடுக்கி; தடித்த தோல் கையுறை. பட்டறையில் பிடி செய்யச் சொல்லும்போது விளிம்பின் தடிமனை வாயால் சொல்லாமல், அட்டையில் அச்சு வெட்டிக் கொண்டுபோய்க் கொடுங்கள். வள்ளத்துக்கு வள்ளம் அது மாறும். கால் அங்குலம் கூடினால் பிடி ஆடும், குறைந்தால் ஏறவே ஏறாது.