அரை மைக்ரான் அலுமினா தூள்: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின்

துகள் அரை மைக்ரான் (மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள அலுமினா, அதாவது அலுமினியம் ஆக்சைடுத் தூளின் விலை இறங்கியிருக்கிறதே, 3 மைக்ரான் தூளை விட்டுவிட்டு அதற்கு மாறலாமா என்று நண்பர் கேட்டார். மின்காப்பு வளையங்கள் செய்யும் எங்கள் பட்டறையில் இரண்டையும் நெடுங்காலம் கையாண்டிருப்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் நன்மை. 3 மைக்ரான் தூளை 1,650 டிகிரிக்கு மேல் சுட்டும் எட்டாத அடர்த்தியை, சிறிதளவு மக்னீசியா (மக்னீசியம் ஆக்சைடு) சேர்த்த அரை மைக்ரான் தூள் 1,550 டிகிரியிலேயே எட்டியது. உலையின் வெப்பக் கம்பிகளுக்கு அதனால் ஆயுள் கூடியது. அலுமினா உருகுவது ஏறத்தாழ 2,070 டிகிரியில்தான். அழுத்திய தூளைச் சுட்டு இறுக்கும் எங்கள் சின்டரிங்கில் எதுவும் உருகுவதில்லை. துகள்களின் மேற்பரப்பு ஆற்றலைக் குறைத்துக்கொள்ள அணுக்கள் நகர்ந்து இடைவெளிகளை அடைக்கின்றன. துகள் சிறுத்தால் நகர வேண்டிய தொலைவும் குறைகிறது. அணுக்கள் துகளின் உட்புறம் வழியாக நகர்ந்தால் தேவைப்படும் நேரம் துகளளவின் மூன்றாம் அடுக்கிலும், மணிகள் எனப்படும் படிகங்கள் ஒன்றையொன்று தொடும் எல்லைகள் வழியாக நகர்ந்தால் நான்காம் அடுக்கிலும் மாறும் என்று இயற்பியலாளர் ஹெர்ரிங் 1950இல் காட்டினார். அளவு பாதியானால் 8 மடங்கு அல்லது 16 மடங்கு வேகம் என்பது கணக்கு. நடைமுறையில் அவ்வளவு கிடைக்காவிட்டாலும், வித்தியாசம் உலையருகே நிற்பவருக்குத் தெளிவாகவே தெரியும்.

என் பொறுமையைச் சோதிப்பது கட்டிதான். இவ்வளவு நுண்ணிய துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு திரளாகிவிடுகின்றன. தரச்சான்றில் அச்சிட்டிருக்கும் சராசரி அளவோ, பெரும்பாலும் தூளை நீரில் கலந்து மீயொலியால் பிரித்த பிறகு அளந்தது. மூட்டைக்குள் அது எந்த நிலையில் இருக்கிறது என்பதை அந்த எண் சொல்வதே இல்லை. உடைந்த வளையம் ஒன்றின் முறிவுப் பரப்பை உருப்பெருக்கியில் பார்த்தால், இறுகிய ஒரு திரளும் அதன் ஓரமாகப் பிறை வடிவில் ஓர் இடைவெளியும் தெரியும். சுற்றியுள்ள தூளுக்கு முன்னதாகத் திரள் சுருங்கி விலகியதால் விழுந்த பிளவு அது. உலையில் எவ்வளவு நேரம் கூடுதலாக வைத்தாலும் அது மூடாது. மணிகள்தாம் பருக்கும், வலிமை மேலும் குறையும்.

சுருக்கத்தையும் மறக்கக்கூடாது. துளையே இல்லாத அலுமினாவின் அடர்த்தியில் 55 விழுக்காடு இருக்கும்படி அழுத்திய வளையம் 99 விழுக்காட்டை எட்டும்போது ஒவ்வொரு அளவிலும் ஏறத்தாழ 18 விழுக்காடு குறைந்துவிடும். அச்சுகளைப் புதிதாகக் கடைய வேண்டியிருக்கும்.

இவ்வளவு புகழ்ந்த பிறகும் நண்பருக்கு என் பதில், மாற வேண்டாம் என்பதே. ஈரநிலையில் நன்றாக அரைத்து, தெளித்துலர்த்தி, அழுத்தத்தில் எளிதில் நொறுங்கும் குருணையாக்கும் வசதி அவரிடம் இல்லை. எங்களிடம் இருக்கிறது; அடுத்த மூட்டைக்கும் நான் சொல்லியாகிவிட்டது, ஆனால் அரைத்துப் பார்க்காமல் ஒரு பிடியைக்கூட அச்சில் போடப் போவதில்லை.