உயிரணுவா, உடற்கூறா: டர்பன் மாணவர்களுக்கான முனைவர் பட்டத் தெரிவுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில், இளங்கலைக்குப் பின் வரும் ஆனர்ஸ் ஆண்டை முடிக்கும் நம் பிள்ளைகள் பலர் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். உயிரணுவியலில் முனைவர் பட்டம் செய்வதா, உடற்கூறியலில் செய்வதா, அதை இங்கேயே செய்வதா, ஜோஹனஸ்பர்க்குக்கோ அமெரிக்காவுக்கோ போய்ச் செய்வதா என்பதுதான் அது. மருத்துவப் புலத்து ஆய்வகம் ஒன்றில் நீண்ட காலம் திசு வெட்டிச் சாயமேற்றும் வேலை பார்த்தவள் என்பதால் இந்தக் கேள்வி என்னிடமும் வரும். கடைசியாக வந்தவள் என் தங்கை மகள். “பெரியம்மா, ரெண்டுக்கும் பேரு ஒண்ணா சேர்ந்துதானே இருக்கு, எதுல சேர்ந்தா என்ன?” என்றாள். பல இடங்களில் ஒரே துறையின் பெயரில் இரண்டும் சேர்ந்திருப்பது உண்மைதான். ஆனால் அந்தப் பெயருக்குள் இருப்பவை இரண்டு வேறுபட்ட வாழ்க்கைகள்.

பெயர்கள் சேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மின்னணு நுண்ணோக்கி பல்கலைக்கழகங்களுக்கு வந்தபோது, திசுக்களை ஏற்கெனவே வெட்டிப் பார்த்துக்கொண்டிருந்த உடற்கூறியல் துறையினரே அதைக் கையாளத் தகுதியானவர்களாக இருந்தார்கள். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கதிரியக்கப் பொருளைக் கொண்டு உயிரணுக்களின் பிறப்பையும் இடப்பெயர்ச்சியையும் பின்தொடரும் முறையைச் செம்மைப்படுத்திய சார்ல்ஸ் லெப்லான் ஓர் உடற்கூறியல் துறைத் தலைவர். இன்று அத்துறைக்கு உடற்கூறியல் மற்றும் உயிரணுவியல் துறை என்றே பெயர்.

நம் நாட்டிலும் கதை இதுதான். 1925இல் டர்பனில் பிறந்து, ரேமண்ட் டார்ட்டுக்குப் பின் 1959இல் ஜோஹனஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் (சுருக்கமாக விட்ஸ்) பல்கலைக்கழக உடற்கூறியல் துறைக்குத் தலைவரான ஃபிலிப் டோபியாஸை உலகம் புதைபடிவ எலும்புகளின் அறிஞராக அறிகிறது. ஆனால் அவருடைய முனைவர் பட்ட ஆய்வு, ஜெர்பில் என்னும் சிறு கொறிவிலங்கின் குரோமோசோம்களைப் பற்றியது. ஜெர்மிஸ்டனில் பிறந்து 2002இல் நோபல் பரிசு பெற்ற சிட்னி பிரென்னரும் அதே விட்ஸில்தான் தொடங்கினார். ஆகவே எந்தப் பக்கம் சேர்ந்தாலும் கடைசிவரை அங்கேயே அடைபட்டுக் கிடக்க வேண்டியதில்லை. என்றாலும் பட்டத்துக்குரிய நான்கைந்து ஆண்டுகள் எப்படிக் கழியும் என்பதில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு.

உடற்கூறியல் ஆய்வின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். கீழ்த்தாடை எலும்பில் கன்னத்தை நோக்கி ஒரு சிறு துளை உண்டு. உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வு தரும் நரம்பு அதன் வழியாகத்தான் வெளிவருகிறது. பல் மருத்துவர் மரத்துப்போகும் ஊசி போடுவதும் அதன் அருகில்தான். அந்தத் துளையிலிருந்து தாடையின் கீழ் விளிம்புவரை உள்ள தூரத்தை இலக்க வெர்னியர் அளவியால் இடமும் வலமுமாக அளக்க வேண்டும். சில வாரங்கள் கழித்து, முதல் அளவுகளைப் பார்க்காமல் அதே எலும்புகளை மறுபடியும் அளக்க வேண்டும். பிறகு வேறொருவரை அளக்கச் சொல்ல வேண்டும். ஒரே கை இருமுறை அளந்ததில் எவ்வளவு பிசகு, இரு கைகளுக்கிடையே எவ்வளவு பிசகு என்று கணக்கிட்டுக் காட்டாத ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் ஏற்பதில்லை. எலும்புக்குப் பதில் சி.டி. படங்களை வைத்துச் செய்தாலும் முறை இதேதான். அலுப்பான வேலை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நிதானமான மனமுள்ளவருக்கு இது மிகவும் பொருந்தும்.

உயிரணு ஆய்வில் நாள் நம் கையில் இருப்பதில்லை. வளர்ப்புத் தட்டிலுள்ள மனித உயிரணுக்களுக்கு 37 பாகை வெப்பமும் 5 விழுக்காடு கார்பன் டைஆக்சைடும் இடைவிடாமல் வேண்டும். இரண்டு மூன்று நாளுக்கொரு முறை ஊட்டக் கரைசலை மாற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமையானாலும் தீபாவளியானாலும் அது காத்திருக்காது. கண்ணுக்குத் தெரியாமல் மைக்கோபிளாஸ்மா என்னும் நுண்கிருமி புகுந்துவிட்டால் சில மாதங்களின் முடிவுகளையே ஐயத்தோடு பார்க்க வேண்டியிருக்கும். இதன்மேல் நம் நாட்டுக்கே உரிய சிக்கல் மின்வெட்டு. லோட் ஷெட்டிங் மிகக் கடுமையாக இருந்த 2023இல், ஜெனரேட்டர் உயிர்பெறும் வரையிலான இடைவெளியில் இன்குபேட்டரின் எச்சரிக்கை ஒலி கேட்டு ஓடாத ஆய்வு மாணவர் அரிது. மைனஸ் 80 பாகையில் மாதிரிகளை வைத்திருந்தவர்களுக்குத் தூக்கமில்லை. பக்கத்து அறையில் எலும்புப் பெட்டிகள் இருட்டில் சும்மா இருந்தன!

பணக் கணக்கிலும் இதே ஏற்றத்தாழ்வு உண்டு. எலும்பு அளப்பவருக்கு அளவி, கணினி, புள்ளியியல் மென்பொருள் ஆகியவை போதும். உயிரணு ஆய்வுக்குத் தேவையான ஆன்டிபாடிகள், நொதிகள், ஊட்டக் கரைசலில் கலக்கும் கன்று ஊனீர் (சீரம்) எனப் பெரும்பாலானவை வெளிநாட்டிலிருந்து டாலரிலோ யூரோவிலோ வாங்கப்படுகின்றன. நம் நாணயமான ராண்ட் சரியும்போது மாணவரின் ஆய்வுத் திட்டமும் சேர்ந்து சுருங்குகிறது. உலர்பனியில் அடைத்து அனுப்பிய பொட்டலம் சுங்கத்தில் தங்கிவிட்டால் உள்ளே இருப்பது பயனற்றுப் போகும். ஆகவே நெறியாளரிடம் நடப்பில் ஆராய்ச்சி மானியம் இல்லையென்றால், அவர் எவ்வளவு பெரிய அறிஞரானாலும் உயிரணு ஆய்வுக்கு அவரிடம் சேராதீர்கள் என்பேன். உடற்கூறியலில் மானியமில்லாத நல்ல நெறியாளரிடம் சேர்ந்தும் கரையேறிவிடலாம்.

இதுவரை சொன்னதை வைத்து உடற்கூறியல் எளிது என்று முடிவு கட்டிவிடக் கூடாது, ஏனெனில் அதன் சுமை வேறிடத்தில் இருக்கிறது. விட்ஸிலுள்ள ரேமண்ட் டார்ட் எலும்புத் தொகுப்பில் சுமார் 2,600 எலும்புக்கூடுகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை மருத்துவமனைகளில் இறந்து, உறவினர் எவரும் வந்து பெறாத உடல்களிலிருந்து வந்தவை. அவர்களில் மிகப் பலர் கறுப்பினத்தவர். அவர்களுடைய ஒப்புதலை யாரும் கேட்டதில்லை. கேப் டவுன் பல்கலைக்கழகம், முறைகேடாகப் பெறப்பட்டு அதன் தொகுப்பில் இருந்த சதர்லாந்து ஊரைச் சேர்ந்த ஒன்பது பேரின் எலும்புகளைச் சந்ததியினரிடம் ஒப்படைத்து, 2023 நவம்பரில் அவை அவ்வூரிலேயே அடக்கம் செய்யப்பட்டன. 2003ஆம் ஆண்டு தேசிய உடல்நலச் சட்டத்தின் எட்டாம் அத்தியாயம் இன்று உடல்தானத்தை ஒழுங்குபடுத்துகிறது. ஆனால் சட்டப்படி சரி என்பதோடு கேள்வி தீர்ந்துவிடவில்லை. உடற்கூறியல் ஆய்வேடு எழுதுபவர், தான் அளக்கும் எலும்பு யாருடையது, எப்படி வந்தது என்பதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். அறநெறிக் குழு அதைக் கேட்கும், வெளிநாட்டு ஆய்விதழ்களும் இப்போது கேட்கின்றன. அளவெடுப்பதைவிட இந்த அத்தியாயத்தை எழுதுவதே கடினமென்று சொன்ன மாணவர்கள் உண்டு.

நம் வீடுகளில் இதற்கு இன்னொரு முகம் இருக்கிறது. கிளேர் எஸ்டேட் மயானத்தில் எரியூட்டி, பதினாறாம் நாள் காரியம் முடித்தால்தான் மனம் ஆறும் என்றிருக்கும் குடும்பங்களில், பெண் பிள்ளை, உடல்களை அறுத்துப் பயிலும் சவக் கூடத்தில் வேலை பார்ப்பதைப் பாட்டிமார் எளிதில் ஒப்புவதில்லை. வீட்டுக்கு வந்ததும் தலைமுழுகச் சொல்வார்கள், முழுகிவிட்டுப் போகட்டும். இதை ஒரு காரணமாக்கி உயிரணுவியலுக்குத் தள்ளுவதைத்தான் நான் ஏற்க மாட்டேன்.

உடற்கூறியல் என்று முடிவானால், டர்பனா ஜோஹனஸ்பர்க்கா என்பது அடுத்த கேள்வி. குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் மருத்துவ உடற்கூறியல் பிரிவு வெஸ்ட்வில்லில் இருக்கிறது. அறுவைச் சிகிச்சையாளருக்கும் கதிர்ப்பட மருத்துவருக்கும் நேரடியாகப் பயன்படும் கேள்விகளை, அதாவது இரத்தக் குழாய்களின் கிளைப்பு, நரம்புகளின் போக்கு, அவற்றில் மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாடு போன்றவற்றை எடுத்துச் செய்வது இதன் பலம். விட்ஸின் உடற்கூறியல் பள்ளியில் பரப்பு அகலமானது. எலும்புத் தொகுப்போடு தடயவியல் மானுடவியலும், யானை முதல் வௌவால் வரை பாலூட்டிகளின் மூளை அமைப்பை ஒப்பிடும் ஆய்வும் அங்கே நடக்கின்றன. தடயவியல் அல்லது மனிதப் படிமலர்ச்சி (பரிணாமம்) வேண்டுவோர் தயங்காமல் அந்தப் பள்ளி இருக்கும் பார்க்டவுனுக்குப் போகலாம். மற்றவர்களுக்கு, வாடகையும் சாப்பாடும் மிச்சமாகும் டர்பனே மேல். உதவித்தொகை வாங்கி அதில் பாதியை ஜோஹனஸ்பர்க் வீட்டுக்காரருக்குக் கொடுப்பதில் எனக்கு விருப்பமில்லை. பிரிட்டோரியாவிலும் ஸ்டெல்லன்போஷிலும் நல்ல எலும்புத் தொகுப்புகள் உள்ளன என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

உயிரணுப் பக்கம் டர்பனுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே ஆப்பிரிக்க உடல்நல ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வகங்கள் இருக்கின்றன. காசநோய்க் கிருமியும் எச்.ஐ.வி.யும் மனித உயிரணுக்குள் என்ன செய்கின்றன என்பதை உலகத் தரமான கருவிகளோடு அங்கே படிக்கிறார்கள். 2021 டிசம்பரில் ஓமிக்ரான் வகை கொரோனா வைரஸ், தடுப்பூசி தந்த எதிர்ப்பாற்றலிலிருந்து எவ்வளவு தப்புகிறது என்பதை உலகுக்கு முதலில் சொன்னவற்றுள் ஒன்று இந்த ஆய்வகம். அங்கே இடம் கிடைத்தால் அமெரிக்கா போக வேண்டிய தேவையே பாதி குறைந்துவிடும். கிடைக்கும் இடங்கள்தான் குறைவு.

அமெரிக்கப் பட்டத்தைப் பற்றி நம்மிடையே தவறான எண்ணம் ஒன்று உண்டு. ஐந்தாறு ஆண்டு ஆகும், இங்கே மூன்று நான்கில் முடியும் என்கிறார்கள். கணக்கு அப்படியில்லை. இங்கே ஆனர்ஸ் முடித்தவர் முதலில் இரண்டு ஆண்டு மாஸ்டர்ஸ் செய்து, பிறகுதான் முனைவர் பட்டத்துக்குப் பதிய வேண்டும். அங்கே மாஸ்டர்ஸ் இல்லாமல் நேரே சேரலாம். ஆனர்ஸ் நாளிலிருந்து எண்ணினால் இரண்டும் ஏறக்குறைய சமம். வேறுபாடு உள்ளடக்கத்தில் இருக்கிறது. அங்கே முதல் ஆண்டில் இரண்டு மூன்று ஆய்வகங்களில் சில வாரங்கள் மாறி மாறி வேலை செய்து பார்த்த பிறகே நெறியாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பாடங்களும் தகுதித் தேர்வும் உண்டு. கட்டண விலக்கும் மாத ஊதியமும் சேர்க்கைக் கடிதத்திலேயே எழுதப்பட்டிருக்கும். இங்கே பட்டம் முழுக்க முழுக்க ஆய்வேட்டைச் சார்ந்தது. பட்டத்துக்குரிய 360 தகுதிப் புள்ளிகளும் அந்த ஒரே நூலுக்குத்தான். நெறியாளரை முதல் நாளிலேயே தெரிந்தெடுக்க வேண்டும், ஒத்துவராவிட்டால் மாற்றுவது பெரும்பாடு. சொந்த ஆய்வுக் கேள்வி தெளிவாக இருப்பவருக்கு நம் முறை பொருந்தும். உயிரணுவில் எதைப் படிப்பது என்றே இன்னும் தெளியாதவருக்கு அமெரிக்க முறை நல்லது. ஐயோவா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் உடற்கூறியலும் உயிரணுவியலும் ஒரே துறைப் பெயரில் இருப்பதால், ஆய்வகத்தில் உயிரணுவும் சவக் கூடத்தில் கற்பித்தலுமாக இரண்டிலும் கை பழக வாய்ப்புண்டு. இந்தச் சேர்க்கை இங்கே கிடைப்பது கடினம்.

பிரிட்டனைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. காமன்வெல்த் உதவித்தொகை போன்ற ஏதாவது ஒன்று இல்லாமல் அந்த வெளிநாட்டு மாணவர் கட்டணத்தைச் சிந்திக்கவே வேண்டாம். ஸ்காட்லாந்தின் டண்டீயில் தீல் முறையில் மென்மையாகப் பதப்படுத்திய உடல்களைக் கொண்டு செய்யும் ஆய்வு மட்டும் போய்ப் பார்க்கத் தக்கது. இந்தியா என்றால், ஹைதராபாத்திலும் பெங்களூரிலும் உயிரணுவியலுக்கு முதல்தர நிறுவனங்கள் இருக்கின்றன. உடற்கூறியலுக்கோ, அங்குள்ள மருத்துவக் கல்லூரிகளில் எம்.டி. பெற்ற மருத்துவர்களுக்கே முன்னுரிமை. மருத்துவரல்லாதவர் நுழைந்து நிலைபெறுவது எளிதன்று.

இங்கே நிலைமை நேர்மாறானது. தென்னாப்பிரிக்க உடற்கூறியல் ஆசிரியர்களில் மருத்துவப் பட்டம் இல்லாதவர் பலர், அதில் யாருக்கும் வியப்பில்லை. 2021இல் நெல்சன் மண்டேலா பல்கலைக்கழகத்தில் தொடங்கியதோடு நாட்டின் மருத்துவப் பள்ளிகள் பத்தாகிவிட்டன. ஒவ்வொன்றிலும் முதலிரண்டு ஆண்டு மாணவர்களுக்கும், இயன்முறை மருத்துவம் போன்ற துணைப் படிப்புகளுக்கும் உடற்கூறியல் கற்பிக்க ஆள் வேண்டும். உயிரணுவியலில் பட்டம் பெற்றவருக்கு முதலில் காத்திருப்பது பெரும்பாலும் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய உதவித்தொகை வேலைதான். ஓய்வூதியம் இல்லை, ஓரிரு ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டும். உடற்கூறியல் முடித்தவர் முப்பது வயதில் வீட்டுக் கடனுக்கு வங்கியில் நிற்கும்போது, உயிரணுக்காரர் அடுத்த ஒப்பந்தத்துக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருப்பார். அதே உயிரணுக்காரருக்கு உலகின் எந்த மூலையிலும் வேலை தேடும் சுதந்திரம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும்.

தங்கை மகளுக்குக் கற்பிப்பதில் விருப்பம். இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குச் சவக் கூடத்தில் உதவியாளராக நின்ற நாட்களைப் பற்றிப் பேசும்போது அவள் முகம் மலர்கிறது. ஆகவே என் நாட்டம் வெஸ்ட்வில் பக்கம். ஆனால் அவள் இன்னும் மனத்தை முடிவு செய்யவில்லை, செய்யவும் அவசரமில்லை. அமெரிக்க விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரில் முடிகின்றன. உதவித்தொகையோடு இடம் கொடுக்கும் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை ஏப்ரல் 15 வரை மாணவரின் பதிலுக்காகக் காத்திருக்க ஒப்புக்கொண்டவை. வகுப்பு தொடங்குவது ஆகஸ்டில். இங்கே மாஸ்டர்ஸுக்குப் பிப்ரவரியில் பதிந்து, ஆய்வு முன்மொழிவை எழுதத் தொடங்கிவிடலாம். முதல் ஆண்டு வேலை நன்றாக இருந்தால் மாஸ்டர்ஸை முடிக்காமலே முனைவர் பட்டத்துக்கு உயர்த்திக்கொள்ளும் வழி நம் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் உண்டு. அது இந்தத் துறையில் அண்மையில் எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று பதிவதற்கு முன்பே நெறியாளரிடம் கேட்டுக்கொள்ளும்படி அவளிடம் சொல்லியிருக்கிறேன்.